கனடாவை விட்டுக் கிளம்புகிறவர்கள்: பொறுமை இல்லையா, வழி இல்லையா?

குளிர்தாங்கி (பிராம்ப்டன்):
தெரிந்த குடும்பம் ஒன்று பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டது. வழியனுப்பு விருந்தில் வழக்கமான பாட்டுதான். அப்பா அம்மாவுக்கு வயதாகிறது, பிள்ளைகள் நம் பழக்கவழக்கம் தெரியாமல் வளர்கிறார்கள், இங்கே குளிரைத் தவிர என்ன இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு வயதாகும் என்பது கனடா வர எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் பெயர் போடும்போது தெரியாதா? நான் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் திரும்புவது பொறுமை இல்லாததால். ஊரில் மேனேஜராக இருந்தேன், இங்கேயும் வந்த ஆறாம் மாதமே அந்த நாற்காலி வேண்டும் என்கிறார்கள். வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். இவர்களுக்கு மட்டும் என்ன தனிக் கிரீடம்?

பேரூர்க்காரன் (கோயம்புத்தூர்):
திரும்பி வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு என்னை அழைத்தது அரசு. வேலை கொடுக்க வேண்டியதோ கம்பெனிகள். அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஊரில் இரும்புக் கட்டுமான வடிவமைப்பு பார்த்தவன் நான். ஒண்டாரியோவில் பொறியாளர் உரிமம் வாங்க, உரிமம் உள்ள பொறியாளர் ஒருவரின் கீழ் கனடாவிலேயே ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது நிபந்தனை. எங்கே போனாலும் "உரிமம் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. சரி, இந்தப் பூட்டை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது? 2023 மே மாதம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் இங்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

வேலைவாய்ப்பு ஆலோசனைக்குப் போனபோது அந்த அம்மா என் ரெஸ்யூமேயைப் படித்துவிட்டு, எம்.இ. பட்டத்தின் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். "இது இருந்தால் டைல்ஸ் கடையில் எடுக்க யோசிப்பார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. பட்டத்தை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்ததும் வேலை கிடைத்தது.

குளிர்தாங்கி:
வருத்தமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது சட்டமே மாறிவிட்டதே. 2026 ஜனவரியிலிருந்து ஒண்டாரியோவில் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனிகள், வேலை விளம்பரத்தில் "கனடியன் எக்ஸ்பீரியன்ஸ்" கேட்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

பேரூர்க்காரன்:
விளம்பரத்தில் எழுதக் கூடாது என்றுதானே சட்டம்? எடுக்கிறவன் மனதுக்குள் நினைப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? தவிர, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற வருடங்களில் நம் தொழிலும் துருப்பிடிக்கிறது. மென்பொருள் மாறிவிடும், கட்டுமான விதிப் புத்தகம் மாறிவிடும். ஐந்து வருடம் டைல்ஸ் விற்றவனை அங்கேயும் எடுக்க மாட்டார்கள், இங்கேயும் எடுக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே நான் கிளம்பினேன். அவ்வளவுதான்.

ஐந்தொகை (மிசிசாகா):
ஆளாளுக்குத் தெரிந்த குடும்பத்தை வைத்தே பேசுகிறோம். கனடா புள்ளியியல் துறை 2024 பிப்ரவரியில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1982 முதல் 2017 வரை பி.ஆர். ஆனவர்களைப் பார்த்ததில், 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் 20 வருடத்துக்குள் நாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். போவது அதிகமாக இருப்பது வந்த மூன்றாம் வருடத்துக்கும் ஏழாம் வருடத்துக்கும் நடுவில். அதிகம் படித்தவர்கள் அதிகமாகப் போகிறார்கள். முதலீட்டாளர் வகையில் வந்தவர்களும் அப்படியே. அகதிகளாக வந்தவர்கள் குறைவாகத்தான் போகிறார்கள்.

அந்த மூன்று முதல் ஏழு என்பதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சண்டையே. குளிர்தாங்கி அதைப் பொறுமை தீரும் காலம் என்பார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1095 நாள் இங்கே இருந்தால் போதும். அதை முடித்துப் பாஸ்போர்ட்டும் கையில் வந்ததும் கனடாக் குடிமக்களுக்குக் கிடைக்கும் டி.என். வேலை விசாவில் அமெரிக்கா போகிறவர்களை வருமான வரி சீசனில் நிறையப் பார்க்கிறேன். அவர்களைத் தோற்றவர்கள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? வந்த காரியம் முடிந்தது, போகிறார்கள்.

குளிர்தாங்கி:
நூற்றுக்குப் பதினைந்து பேர் போனால் எண்பத்தைந்து பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அதைத்தானே நானும் சொல்கிறேன். பெரும்பாலானவர்களால் முடிகிறது.

ஸ்காபரோ அண்ணை:
தம்பிமார் கதைப்பதை இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு இருந்தேன். ஐந்தொகை சொன்ன கடைசிக் கணக்கு எங்கட ஆக்களைப் பற்றியது. அகதிகள் ஏன் திரும்பிப் போவதில்லை? எங்களுக்குப் பொறுமை கூட என்றா? போக இடம் இல்லை, அதுதான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குக் கிட்ட உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிக்காரர் காப்பாற்றினார்கள். அப்படி வந்தவனிடம் போய் "ஏன் தம்பி, குளிர் ஒத்துவரவில்லையா, ஊருக்குப் போகலாமே" என்று யாராவது கேட்பார்களா?

ரொறொன்ரோ உணவகங்களில் கோப்பை கழுவினோம். இரண்டு வேலை, மூன்று வேலை செய்தோம். ஊரில் வாத்தியாராக இருந்த மனிசன் ஒருவர் என்னோடு ஒரே குசினியில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவர். பின்னேரம் பஸ்ஸில் வரும்போது எனக்குத் திருக்குறள் சொல்லித் தருவார். அவர் கெட்டிக்காரன் என்பதால் தாக்குப்பிடித்தார் என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டுக்கு அப்போது கூரை இருக்கவில்லை.

ஆனபடியால் குளிர்தாங்கித் தம்பி, எங்களைக் காட்டி மற்றவர்களைப் பேச வேண்டாம். பேரூர்த் தம்பிக்கும் ஒன்று. நீங்கள் வசதி தேடி வந்தீர்கள், சரிவரவில்லை, திரும்பினீர்கள். அதற்கு ஏன் இவ்வளவு விளக்கம் கொடுக்கிறீர்கள்? திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறதே, அது பெரிய சொத்து.

தையல்நாயகி (மில்டன்):
ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் நுழைகிறேன். "அப்பா அம்மாவுக்கு வயதாகிறது" என்றால் யாருடைய அப்பா அம்மா? மனைவியின் அப்பா அம்மாவுக்கு வயதாகி ஒரு குடும்பம் திரும்பிப் போனதை நான் இன்னும் பார்க்கவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓட்டுநர் சோதனையில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை பாஸாகி, பனியில் தானே கார் ஓட்டிப் போக ஆரம்பித்திருந்தாள். அந்தச் சமயத்தில் கணவருக்கு "இந்த நாடு நமக்குச் சரிப்படாது" என்று தோன்றிவிட்டது. அவருக்கு ஊரில் பழைய வேலை, பழைய மரியாதை எல்லாம் திரும்பக் கிடைத்தன. அவளுக்குக் கிடைத்தது மாமியார் வீட்டு மாடி போர்ஷன். அங்கிருந்து மார்க்கெட்டுக்குப் போகவே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

திரும்புவதைப் பற்றிப் பேசும்போது ஒரு வீட்டில் ஒரே முடிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

பேரூர்க்காரன்:
சகோதரி, எங்கள் வீட்டில் நேர் எதிர். கிளம்பலாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான். டிசம்பரில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேஸ்மெண்ட் வீட்டில் அந்த அரை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரரின் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். குழந்தைகள் காப்பகக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள் என்கிறார்கள், சரி. இடம் கிடைக்க வேண்டுமே. எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது, பையன் பள்ளிக்கூடமே போய்விட்டான். சின்னவளுக்குக் காய்ச்சல் என்றால் இருவரில் ஒருவர் அன்றைய கூலியை விட வேண்டும். ஊரில் என்றால் எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருப்போம்.

தையல்நாயகி:
அதையும் நான் மறுக்கவில்லை. உங்கள் வீட்டில் அவரைக் கேட்டீர்கள். கேட்காத வீடுகளைத்தான் சொன்னேன்.

குளிர்தாங்கி:
எல்லாம் சரி. ஆனால் போனவர்கள் அங்கே நிம்மதியாகவா இருக்கிறார்கள்? இரண்டு வருடம் கழித்து எனக்கே போன் வருகிறது. பி.ஆர். வைத்துக்கொள்ள ஐந்து வருடத்தில் 730 நாள் இருக்க வேண்டுமே, இப்போது வந்தால் கணக்கு சரியாகுமா என்று. டிராஃபிக் தாங்கவில்லையாம், பள்ளிக்கூடத்துக்கு டொனேஷன் கேட்கிறார்களாம். இங்கே இருந்தபோது ஊரைப் பற்றிக் கனவு, ஊருக்குப் போனால் கனடாவைப் பற்றிக் கனவு. இதற்குப் பொறுமையின்மை என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

பேரூர்க்காரன்:
அவிநாசி ரோட்டில் மாட்டிக்கொள்ளும்போது எனக்கும் அந்த எண்ணம் வரும், பொய் சொல்லவில்லை. பெரியவன் இங்கே வந்து நாலாம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழ் வாசிக்கத் திணறினான். வகுப்பில் "கனடா" என்றே கூப்பிட்டார்கள். ஒரு வருடம் கஷ்டப்பட்டான். ஆனால் நான் திரும்பவும் இரும்பு டிசைன் பார்க்கிறேன். என் கையெழுத்தில் வரைபடம் சைட்டுக்குப் போகிறது. இதற்கு விலையாக டிராஃபிக்கைக் கொடுக்கிறேன். நீங்கள் கொடுக்கும் விலை வேறு, வாங்கும் பொருளும் வேறு. உங்களை நான் பொறுமைசாலி என்றும் சொல்லவில்லை, பிடிவாதக்காரர் என்றும் சொல்லவில்லையே.

குளிர்தாங்கி:
பிடிவாதக்காரன்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு வேறு வழியுமில்லை.

ஸ்காபரோ அண்ணை:
இப்பதான் தம்பி உண்மை கதைக்கிறார்.

புதுவரவு_ஓட்டவா:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் அடுத்த கோடையில் திருச்சிக்கே திரும்புவதாக முடிவு செய்துவிட்டோம். யார் சரி யார் தப்பு என்பது எங்களுக்கு வேண்டாம். ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பில் கொஞ்சம் பணம் இருக்கிறது, டி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலும் இருக்கிறது. போகும் முன் எடுத்துவிட வேண்டுமா?

ஐந்தொகை:
ஆர்.ஆர்.எஸ்.பி.யை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். இங்கே குடியிருப்பவராக இருக்கும் வருடத்தில் எடுத்தால் சம்பளத்தோடு சேர்ந்து வரி ஏறும். போன பிறகு மொத்தமாக எடுத்தால் பொதுவாக 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். உங்கள் வரி அடுக்கு எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். டி.எஃப்.எஸ்.ஏ.யை வைத்திருக்கலாம், ஆனால் போன பிறகு அதில் பணம் போடாதீர்கள், மாதம் 1 சதவீதம் அபராத வரி. அதன் வரிவிலக்கு இந்தியாவில் செல்லாது.

கிளம்பும் வருடத்துக்கான கனடா வரிப் படிவத்தில், நாட்டை விட்டுப் போன தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். பங்குகள் இருந்தால் அன்றைக்கு விற்றதாகவே வைத்து வரி கணக்கிடுவார்கள். இந்தியப் பக்கம், கடந்த பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தால் கொஞ்ச காலத்துக்கு ஆர்.என்.ஓ.ஆர். (இந்தியாவில் குடியிருந்தாலும் வரிக்குச் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்) தகுதி கிடைக்கும். அது இருக்கும்வரை இங்கே கிடக்கும் பணத்தின் வருமானத்துக்கு அங்கே பொதுவாக வரி வராது. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், சேர்த்துப் பார்க்கலாம். கார் கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பிய ஒருவருக்காக நான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.