தொழில் பழகும் காலத்தில் சம்பளம் பேசியவர்கள் சொல்லுங்கள்

ஏர்கோன் உதவியாள், செந்தூல்:

எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) இரண்டாம் நிலை முடித்துவிட்டு ஏர்கோன் பொருத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். செப்புக் குழாய் வளைப்பது, ஃபிளேர் போடுவது, வாக்குவம் இழுப்பது எல்லாம் இப்போது தனியாகவே செய்கிறேன். சம்பளம் மட்டும் 1,700 வெள்ளியில் (ரிங்கிட்), அதாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தில், அப்படியே நிற்கிறது. கேட்டால் "இன்னும் பழகு" என்கிறார் முதலாளி. நீங்கள் எப்போது, என்ன சொல்லிக் கேட்டீர்கள்?

குழாய் வெல்டர், பிறை:

தம்பி, "இன்னும் பழகு" என்பதற்கு முதலாளி ஒருநாளும் எல்லை சொல்லமாட்டார். அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

2018-இல் நாள் சம்பளம் 50 வெள்ளிக்குச் சேர்ந்தேன். கிரைண்டர் பிடிப்பது, குழாய் முனையைச் சாய்வாகத் தீட்டுவது, எலெக்ட்ரோடுகளை அடுப்பில் காயவைப்பது, கெப்பாலாவுக்கு (மேஸ்திரிக்கு) தே தாரிக் டீ வாங்கி வருவது, இவைதான் வேலை. சாப்பாட்டு நேரத்தில், வெட்டிப் போட்ட துண்டுக் குழாய்களில் ஆர்கன் வெல்டிங் பழகினேன்.

ஒரு கட்டத்தில் நிறுவனமே 6ஜி என்னும் குழாய் வெல்டிங் தேர்வுக்கு அனுப்ப முன்வந்தது. குழாயை 45 பாகைச் சாய்வில் இறுக்கி வைத்துவிடுவார்கள். அது சுழலாது, நாம்தான் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வந்து வெல்டிங் அடிக்க வேண்டும். தேறியவனுக்கு வெளியே நல்ல கிராக்கி. அதனால்தான் தேர்வுக் கட்டணத்தோடு ஒரு தாளும் வந்தது: இரண்டு ஆண்டுகள் விலகக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறுநாள் தவுக்கேயிடம் (முதலாளியிடம்), "இரண்டு ஆண்டு இருக்கிறேன். தேறிய மாதத்திலிருந்து நாளுக்கு 90, என் ஜாயிண்டுகள் எக்ஸ்ரேயில் நின்ற பிறகு 120. இதையும் இதே தாளில் எழுதிவிடுங்கள்" என்றேன். 90-ஐ எழுதினார். 120-க்கு "அப்புறம் பார்க்கலாம்" என்று சிரித்தார்.

அந்த "அப்புறம்" தானாக வராது என்று தெரியும். எங்கள் வேலையில் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் ஓர் எண் உண்டு. பக்கத்தில் அடித்த வெல்டரின் அடையாள எண் இருக்கும். எக்ஸ்ரே படம் எடுத்ததும் எது தேறியது, எது பழுது என்று பட்டியல் வரும். என் எண்ணுக்கு நேரே இருப்பதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். பழுது என்றால் தோண்டி எடுத்து, மறுபடி அடித்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். அத்தனை செலவும் தவுக்கேயின் தலையில்தான் விழும். என்னைவிடக் கூடுதல் கூலி வாங்கிய ஒருவருக்கு என்னைவிடப் பழுதும் கூடுதல். அவர் பெயரை நான் எடுக்கவில்லை. என் நோட்டை மட்டும் மேசையில் வைத்தேன். தவுக்கே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். 110 கொடுத்தார். பத்து வெள்ளிக்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கு எக்ஸ்ரே கிடையாது, ஆனால் கேஸ் கசிகிறது என்று வாடிக்கையாளர் திரும்ப அழைப்பது உண்டு. நீங்கள் பொருத்தியவற்றில் அப்படி எத்தனை? அந்தக் கணக்கோடு போங்கள்.

வயர்மேன், பத்துமலை:

என் கதை சின்னது. மின்சார நிறுவனமான தெனாகாவிடம் மீட்டருக்கு விண்ணப்பிக்கும்போது ஜி பாரம், எச் பாரம் இரண்டும் வேண்டும். முதலாவது மேற்பார்வைக்கும் வேலை முடிந்ததற்கும், இரண்டாவது சோதனைக்கும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர்தான் கையெழுத்துப் போட முடியும். எனக்குச் சான்றிதழ் கிடைத்த வாரமே கான்ட்ராக்டர் முகமெல்லாம் சிரிப்பாக, "இனி வெளியாளுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்" என்றார். எவ்வளவு மிச்சம் என்பதையும் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதில் பாதி எனக்கு என்றேன். முனகிக்கொண்டே கொடுத்தார். நான் மெகர் (மின்காப்பு சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிக்காத வீட்டுக்குக் கையெழுத்து இல்லை என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். பிறகு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே!

சி.என்.சி. மெஷினிஸ்ட், பாயான் லெப்பாஸ்:

அண்ணன்மார் நாள் கூலியையே பேசுகிறீர்கள். ஆலையில் காது குத்துவது வேறு மாதிரி. எனக்கு 2,100 என்றார்கள். கடிதத்தைப் பிரித்தால் அடிப்படை 1,700, வருகைப்படி 150, ஷிப்ட் படி 250. ஒருநாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் 150 போயிற்று. பகல் ஷிப்டுக்கு மாற்றினால் 250 போயிற்று. ஓவர்டைமும் அங்கே அடிப்படையை வைத்துத்தான்: 1,700-ஐ 26-ஆல் வகுத்து, பின் 8-ஆல் வகுத்தால் மணிக்கு 8.17, அதில் ஒன்றரை மடங்கு 12.26 வெள்ளி.

பயிற்சிக்காலம் முடிந்ததும், "மொத்தத்தைக் கூட்ட வேண்டாம், வருகைப்படியை அடிப்படையில் சேர்த்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். காசு கூடவில்லையே என்று மனிதவள அதிகாரி உடனே தலையாட்டினார். அடிப்படை 1,850 ஆனது, ஓவர்டைம் மணிக்கு 13.34 ஆனது. இன்னொன்று, "ஓவர்டைமோடு மூவாயிரம் வரும்" என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். ஓவர்டைமுக்கு இபிஎஃப் (சேமநிதி) கிடையாது. முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடும் அதற்கு வராது.

கார் மெக்கானிக், ஜார்ஜ் டவுன்:

பிள்ளைகள் விவரமாகத்தான் இருக்கிறீர்கள். நான் பழகிய காலத்தில் சம்பளம் கேட்டால் ஸ்பேனர்தான் பறந்து வரும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். முதல் இரண்டு ஆண்டு வெள்ளியைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். "கியர்பாக்ஸ் இறக்கும் நாளில் என்னைப் பக்கத்தில் வையுங்கள்" என்று கேட்டுத்தான் நான் தேறினேன். ஐம்பது வயதுக்குமேல் பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாக எஸ்.கே.எம். மூன்றாம் நிலையும் வாங்கினேன். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் மதிப்பீடு செய்வார்கள்.

குழாய் வெல்டர், பிறை:

அண்ணே, வேலையைக் கேட்பது சரி. ஆனால் செந்தூலில் அறை வாடகைக்கு கியர்பாக்ஸையா கொடுக்க முடியும்? இரண்டையும் கேட்கட்டும்.

ஏர்கோன் உதவியாள், செந்தூல்:

பழைய வேலைச் சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். கசிவுக்காகத் திரும்பப் போனவை என் பெயரில் மிகக் குறைவு. சிக்கல் என்னவென்றால், நான் தனியாகச் செய்த பாதி வேலைகளில் என் பெயரே இல்லை, லாரி ஓட்டி வந்த சீனியர் பெயர்தான் இருக்கிறது. இன்று முதல் என் பெயரை நானே எழுதுகிறேன். அடுத்த மாதம் அடிப்படை 2,100 கேட்கலாமா?

குழாய் வெல்டர், பிறை:

2,300 கேளுங்கள். இழுத்துப் பிடித்து 2,100-க்கு அவரே வருவார்.