சூடேறச் சூடேறக் குறி மேலே போகிறது: எம்1 கராண்ட் பற்றி ஓர் ஐயம்

உவர்மலையான்:
திருகோணமலையில் வாழும் எனக்கு இத்தகைய துப்பாக்கியைத் தொடும் வாய்ப்பு இல்லை. டெக்சாசில் உள்ள மச்சானிடம் சென்றிருந்தபோது, அவர் பேணிவரும் பழைய இராணுவ எம்1 கராண்டைச் சுடுதளத்தில் அவருடைய மேற்பார்வையில் சுட்டுப் பார்த்தேன். 100 யார் தூரத்தில் முதல் மூன்று ரவைகளும் தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எட்டாவது ரவை நான்கு விரல் உயரத்தில் பட்டது. குழல் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார் மச்சான். அந்தக் காலத்துக் குழலைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

சீனன்குடாப் பட்டறை:
ஊரில் கடைசல் வேலை பழகிய நான் இப்போது அமெரிக்காவில் துப்பாக்கி திருத்துமிடத்தில் பணியாற்றுகிறேன். குழலை மாற்ற வேண்டாம். தேய்ந்த குழல் ரவைகளை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். சூட்டோடு ஒழுங்காக மேலேறினால், நீளும் குழலை ஏதோ நெருக்குகிறது என்றே பொருள். ரவை எதுவும் உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, குழலை மூடியுள்ள முன் மரக்காப்பை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அது சிறிதளவு அசைய வேண்டும். அடுத்து, குழல்வாயருகே உள்ள வாயு உருளையை (சுடும்போது வரும் வாயுவை வாங்கித் துப்பாக்கியை இயக்கும் உருளையை) பிடித்துத் திருகுங்கள். குறிபார்க்க உதவும் முன் குறிமுள் அதன்மேல்தான் இருக்கிறது என்பதால், உருளை ஆடினால் குறியும் ஆடும். விசைவில் வளையத்தை (விரலால் இழுக்கும் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தை) மூடும்போது கை சற்று அழுத்த வேண்டியிருக்க வேண்டும். இலகுவாக மூடினால் துப்பாக்கி மரத்தில் இறுக்கமாக அமரவில்லை.

நிலாவெளி:
எந்த ரவை சுட்டீர்கள் என்று எழுதவில்லையே? 1936இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட இத்துப்பாக்கிக்குப் பின்னாளில் வழங்கப்பட்டது ஏறத்தாழ 150 கிரெயின் (10 கிராமுக்குச் சற்றுக் குறைவான) எடையுள்ள குண்டைக் கொண்ட எம்2 ரவை. வேட்டைக்கென விற்கப்படும் கனத்த ரவைகள் பலவற்றில் மெதுவாக எரியும் வெடிமருந்து இருப்பதால், குழல்வாய்க்கு அருகே வாயு வெளியேறும் துளையில் அழுத்தம் மிகுந்து, வாயு தள்ளப் பின்னோக்கி நகர்ந்து துப்பாக்கியை இயக்கும் இயக்கத் தண்டு வளைந்துவிடக்கூடும். அந்தத் தண்டு பிறவியிலேயே வளைவானது. நேராக்குகிறேன் என்று யாரும் கை வைத்துவிடக் கூடாது. ரவையைத் தாமே நிரப்புவோர் அவ்வளவு மெதுவாக எரியாத ஐஎம்ஆர் 4895 என்ற வெடிமருந்தை விரும்புவது இதனால்தான். உராயும் இடங்களுக்கு எண்ணெய் போதாது, கிரீஸ் பூசுங்கள். வாயு உருளையின் உட்புறம் மட்டும் உலர்ந்தே இருக்கட்டும்.

உவர்மலையான்:
இருவருக்கும் உளமார்ந்த நன்றி. சுட்டது எம்2 வகைதான். மச்சான் தொலைபேசியில் காட்டியபோது, மரக்காப்பின் முனைக்கும் இரும்புக்கும் இடையே ஒரு கடதாசித் துண்டுகூட நுழையவில்லை. முனையை மணற்கடதாசியால் மெல்லத் தேய்த்துக் கடதாசி நுழையுமளவு இடம் விட்டார். நேற்று மூன்று கிளிப் (ஒவ்வொன்றிலும் எட்டு ரவைகள் அடங்கிய உலோகப் பிடி) தொடர்ந்து சுட்டும் ரவைகள் மேலே ஏறவில்லையாம். ஆனால் எல்லாமே இரண்டு விரல் இடப்புறமாக விழுகின்றன.

சீனன்குடாப் பட்டறை:
முன் குறிமுள்ளின் திருகாணியைத் தளர்த்தி, முள்ளையும் இடப்புறமாகவே மிகச் சிறிதளவு நகர்த்தச் சொல்லுங்கள். பலர் வலப்புறம் தள்ளிவிட்டுப் பிழையை இரட்டிப்பாக்குகிறார்கள்.