புதுச்சேரித் தமிழ்ப் பகுதியில் வாசல்களைப் படமெடுக்கும்போது கதவு கரியாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

காலை நடையன் (கேள்வி)

வணக்கம். எட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் புதுச்சேரி வீதிகளில் நடந்து, வாசற்கதவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சிறு வேலைப்பாடுகளையும் படமெடுத்து வருகிறேன். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்டு வீதியிலும் எடுக்கும் படங்கள் ஓரளவு நன்றாகவே அமைகின்றன. அங்கே உயர்ந்த மதிலும் அதில் பதித்த கதவும் தெருவை ஒட்டியே நிற்பதால், மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, மதிலின் மேல் வழியும் காகிதப்பூ எல்லாம் எந்தச் சிரமமும் இல்லாமல் படத்துக்குள் வந்துவிடுகின்றன.

வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதிக்கும் ஈஸ்வரன் கோயில் வீதிக்கும் வந்தால்தான் தோற்றுப்போகிறேன். தெருவுக்கும் கதவுக்கும் நடுவே தாழ்வாரமும் திண்ணையும் இருப்பதால், தூண்களில் வெயில் அடிக்கும்போது உள்ளே கதவு கரியாகிவிடுகிறது. கதவுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டினால் தெரு வெளுத்துப்போகிறது. நிலையின் மேற்கட்டையில் இருக்கும் கஜலட்சுமி, படத்தில் வெறும் மரத்துண்டாகத்தான் தெரிகிறாள். தெரு குறுகலாக இருப்பதால் கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்துப் பார்த்தேன். தூண்கள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்துவிட்டன. என்னிடம் உள்ளவை ஒரு கேமராவும் 35 மி.மீ. லென்சும் மட்டுமே, முக்காலி கிடையாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. போன வாரம் திண்ணையில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் கேமராவை உயர்த்தியதும், "வீடு விக்கிறதா இல்லப்பா, போ" என்றார். என்னைத் தரகர் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல வாய் வராமல் நடந்துவிட்டேன். இத்தகைய இடங்களில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள்?

மேற்கு வாசல்

உங்கள் சிக்கலுக்குக் கேமரா காரணமன்று. நீங்கள் போகும் நேரமும், எந்தச் சாரியை, அதாவது தெருவின் எந்தப் பக்க வீட்டு வரிசையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்பதுமே காரணம். நீங்கள் சொன்ன கிழக்குப் பகுதி வீதிகள் வடக்கு தெற்காக ஓடுபவை. ஆகவே ஒரு சாரிக்குக் காலை வெயிலும் எதிர்ச் சாரிக்கு மாலை வெயிலும் முகத்தில் விழும். வைசியாள் வீதியும் ஈஸ்வரன் கோயில் வீதியும் ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அங்கே வீடுகள் வடக்கையோ தெற்கையோ பார்ப்பதால், வெயில் கணக்கு நாளின் பொழுதைவிட ஆண்டின் பருவத்தைப் பொறுத்தே மாறுகிறது.

புதுச்சேரி வட அட்சரேகை 12 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்டு 21 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும். டிசம்பர் கடைசியில் நண்பகலிலும்கூட அது 55 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை என்பதால், தெற்கு பார்த்த வீடுகளின் தாழ்வாரத்துக்குள் வெயில் திண்ணை வரை நுழையும். அதே மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், காலையில் முதல் அரை மணி நேரம் தெற்கு பார்த்த முகப்புகளின்மீது வெயில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். தூணின் தலைப்பகுதியான போதிகையில் உள்ள செதுக்கல்களும் சுண்ணாம்புப் பூச்சின் மேடுபள்ளங்களும் எழுந்து நிற்பது அந்த அரை மணியில்தான். மார்கழிக் கோலமும் அப்போது வாசலில் ஈரம் காயாமல் இருக்கும் என்பது கூடுதல் இலாபம்.

கதவுக்கு வருவோம். தாழ்வாரத்துக்குள் இருக்கும் கதவை நேர் வெயிலில் எடுக்கவே முயலாதீர்கள். எதிர்ச் சாரியின் சுவர்களில் வெயில் பளீரென்று விழுந்து, நீங்கள் எடுக்கும் வீடு முழு நிழலில் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். எதிர்ச்சுவர் ஒரு பெரிய வெள்ளைத் துணியைப் பிடித்ததுபோல வெளிச்சத்தைத் திருப்பித் தாழ்வாரத்துக்குள் அனுப்பும். தூணும் கதவும் ஒரே அளவு வெளிச்சத்தில் வந்துவிடும். டிசம்பர் நண்பகலில் வடக்கு பார்த்த வீடுகளுக்கு இது பொருந்தும்; ஜூன் நண்பகலில் தெற்கு பார்த்த வீடுகளுக்குப் பொருந்தும். எதிர்ச்சுவர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் கதவும் அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் பகல் ஒளிக்கு நிறுத்திக்கொண்டு, பிறகு கணினியில் திருத்துவது நல்லது. மேகமூட்டமான ஐப்பசி நாள்கள் இதைவிட எளிது. ஆனால் ஐப்பசியில் குடையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

பழைய நெகட்டிவ்

சாய்ந்த தூண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லென்சை மேல்நோக்கித் தூக்கினால்தான் நிமிர்ந்த கோடுகள் மேலே குறுகும். கேமராவைக் கதவின் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து, தரைமட்டத்துக்கு இணையாகப் பிடியுங்கள். பல வீடுகளில் இதற்கு ஒரு முழங்காலை ஊன்ற வேண்டியிருக்கும். மேற்கட்டைச் செதுக்கல் வேண்டுமென்றால் அதை முழுக் கதவோடு சேர்க்காமல் தனிப்படமாக எடுங்கள். கைப்பேசியில் 0.5 மடங்கை மறந்துவிட்டு, தெருவின் எதிர் ஓரம் வரை பின்வாங்கி 2 மடங்கில் எடுத்துப் பாருங்கள். பின்வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் வரும் இருசக்கர வண்டிகளைக் கவனியுங்கள். எனக்கு ஒருமுறை முழங்கையில் தோல் உரிந்தது.

பாரிசில் யூஜேன் அட்ஜே என்பவர் ஏறத்தாழ 1897 முதல் 1927-இல் இறக்கும் வரை பழைய வாசல்கள், கதவுத் தட்டிகள், படிக்கட்டுக் கைப்பிடிகள், கடை முகப்புகள் ஆகியவற்றை 18-க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகளில் எடுத்து, ஓவியர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். அவரிடம் இருந்தது கனத்த மரப்பெட்டிக் கேமராதான். பெரும்பாலும் அதிகாலையில், தெருவில் ஆள் இல்லாத வேளையில் எடுத்தார். நானும் அந்த வழிதான்: மின்மீட்டர் பெட்டி, கேபிள் வயர், ஒட்டிய சுவரொட்டி ஆகிய எதுவும் படத்தின் சட்டகத்துக்குள் வராதபடி நகர்ந்து நின்றுகொள்வேன்.

சுதைவேலை

மேலே உள்ளவரோடு இந்த ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. மீட்டர் பெட்டியை வெட்டி எறிந்த படம் நாள்காட்டிக்கு உதவும். அந்த வீட்டைப் பற்றி எதையும் சொல்லாது. அட்ஜேயின் படங்களில் கடை விளம்பரங்களும் சுவரொட்டிகளும் இருக்கின்றன என்பதையும் நினைவூட்டுகிறேன். நாதாங்கியில் தொங்கும் புதிய பூட்டு, நிலையில் ஆண்டுக்கணக்காகப் படிந்த மஞ்சள் குங்குமம், காய்ந்த மாவிலைத் தோரணம், கதவு சுழலும் முளையான குடுமி தேய்த்துத் தரையில் போட்ட அரைவட்டக் கீறல், விளக்குமாடத்தின் எண்ணெய்க் கறுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கதவு ஒரே அச்சில் வார்த்ததுபோல நூறு வீடுகளில் இருக்கலாம்; அந்தக் கீறல் ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியது.

நீங்கள் நடக்கும் வைசியாள் வீதியைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு படமெடுங்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008-இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஆகவே அங்கே ஒரு தாழ்வாரத்தின் மரமும் ஓடும் ஒரே சீராக இருந்தால், அது தொன்மை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சீரமைக்கப்படாத வீதிகளில்தான் ஒரே முகப்பில் மூன்று தலைமுறைப் பழுதுபார்ப்பைப் பார்க்கலாம். கீழே தமிழ் மரத்தூண்களும் மேலே பிரெஞ்சு வளைவுச் சன்னல்களுமாகக் கலந்து நிற்கும் வீடுகளில் இரண்டையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்படாமல், அவை சந்திக்கும் கோட்டை மட்டும் நெருங்கி எடுங்கள். பிரெஞ்சு ஆட்சிக்கால நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப்பிள்ளையின் மாளிகையும் இந்தக் கலப்புக்குப் பெயர்பெற்றதுதான்.

இன்னொன்று: கோப்பின் பெயரிலேயே வீதி, வீடு பார்க்கும் திசை, நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். நான் தொடக்கத்தில் அப்படிச் செய்யாததால், இடிந்துபோன ஒரு வீட்டின் கதவு எந்த வீதியில் இருந்தது என்று இன்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

திண்ணை வீட்டுப் பிள்ளை

நான் அத்தகைய ஒரு வீட்டில் வளர்ந்தவன். பாட்டியின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்த வீடுகளில் தெருக்கதவு, நடை, முற்றம், பின்கட்டுக் கதவு ஆகியவை பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். ஆகவே திறந்த கதவைப் படமெடுப்பவர், தாம் அறியாமலே முற்றத்தில் காயும் துணியையும் சாப்பிட உட்கார்ந்தவரையும் சேர்த்து எடுக்கிறார். மூடிய கதவென்றால் எங்களுக்கு வருத்தமில்லை. திறந்திருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் கட்டடக் கலைஞருக்கும் உங்களுக்கும் இடையிலானது. திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. திண்ணை வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டப்பட்டது என்பதால், அங்கே நின்று பேச்சுக் கொடுப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் கேமராவைத் தூக்குவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, முதலில் கோலத்தைப் பற்றியோ கதவு மரத்தைப் பற்றியோ கேளுங்கள். "இது பர்மாத் தேக்கா பாட்டி?" என்று கேட்டால் போதும்; நீங்கள் தரகர் இல்லை என்பது தெரிந்துவிடும். தரகர்கள் மரத்தைக் கேட்க மாட்டார்கள், மனையின் அகலத்தைக் கேட்பார்கள்.

காலை நடையன்

அனைவருக்கும் நன்றி. இந்த ஞாயிறு வழக்கமான காலை நேரத்தை விட்டுவிட்டு நண்பகலில் போனேன். எதிர்ச் சாரி வெயிலில் இருக்க, நிழலில் இருந்த ஒரு வீட்டின் கஜலட்சுமி முதன்முறையாக யானைகளின் துதிக்கையோடு படத்தில் விழுந்தாள். மீட்டர் பெட்டியோடு ஒன்றும் அது இல்லாமல் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்; சுதைவேலை அவர்கள் சொன்ன படமே எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைப் பழைய நெகட்டிவ் மன்னிக்க வேண்டும்.

பாட்டியின் வீட்டுக்கும் போனேன். மரம் என்னவென்று கேட்டேன். தேக்கில்லை, பலா என்றார். பிறகு, தம் மாமனார் காலத்தில் கதவில் இருந்த பித்தளைக் குமிழ்களில் நான்கை யாரோ கழற்றிக்கொண்டு போன கதையை அரை மணி நேரம் சொன்னார். குமிழ் போன இடத்தில் இருக்கும் நான்கு துளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தை பிறந்ததும் அச்செடுத்த படத்தோடு மறுபடியும் போக வேண்டும்.