அமிலத் தாமிர முலாமில் கேத்தோடு முனைவாக்கம்

கேள்வி: லிட்டருக்கு 200 கிராம் காப்பர் சல்பேட்டும் 60 கிராம் கந்தக அமிலமும் உள்ள கரைசலில் முலாம் பூசுகிறேன். விளிம்புகளில் தாமிரம் தடிப்பாகவும் குழிவுகளில் மெல்லியதாகவும் படிகிறது. கேத்தோடு முனைவாக்கம் (மின்னோட்டம் பாயும்போது, முலாம் படியும் எதிர்மின்வாயின் மின்னழுத்தம் அதன் சமநிலை மதிப்பிலிருந்து விலகும் அளவு) குறைவாக இருப்பதே காரணம் என்கிறார்கள். அதை எவை தீர்மானிக்கின்றன?

மறுமொழி 1: மின்னோட்ட அடர்த்தி (ஓர் அலகு பரப்பில் பாயும் மின்னோட்டம்) கூடினால் முனைவாக்கம் கூடும், வெப்பநிலை உயர்ந்தாலோ கரைசலைக் கலக்கினாலோ குறையும். ஆனால் சேர்க்கைப் பொருள்களின் பங்கே பெரிது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீள்சங்கிலிச் சேர்மம், குளோரைடு அயனிகளுடன் சேர்ந்து கேத்தோடின் பரப்பில் மென்படலமாக ஒட்டிக்கொண்டு, தாமிர அயனி எலக்ட்ரானைப் பெறும் வினையைத் தடுப்பதால் முனைவாக்கம் வெகுவாக உயர்கிறது. குளோரைடு மட்டும் தனியே இருந்தால் வினை விரைவுபடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 2: மேலே சொன்னது சரியே, ஆயினும் மின்னோட்டத்தைக் கூட்டி முனைவாக்கத்தை உயர்த்துவது உங்களுக்கு உதவாது. படிவின் சீர்மையைத் தீர்மானிப்பவை, மின்னோட்டத்தோடு முனைவாக்கம் மாறும் வீதமும் கரைசலின் கடத்துதிறனுமே ஆகும். எனவேதான் அச்சுச் சுற்றுப் பலகைகளின் துளைகளுக்குள் முலாம் பூச, கடத்துதிறன் கூடும்படி, காப்பர் சல்பேட்டை லிட்டருக்கு ஏறத்தாழ 75 கிராமாகக் குறைத்து, அமிலத்தை 200 கிராம் வரை உயர்த்துகிறார்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. குளோரைடு எவ்வளவு இருக்கலாம்?

மறுமொழி 2: லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிகிராம் வழக்கம். கந்தகம் அடங்கிய பளபளப்பூட்டியை அளவோடு சேருங்கள். அது முனைவாக்கத்தைக் குறைத்துவிடும்.