நெஞ்செரிச்சல்: மாத்திரையை விடலாமா, கூடாதா?

செல்லூர்க்காரன்:
மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் இரவு வேலை. நடுராத்திரி பரோட்டா சால்னா, விடிகாலையில் படுத்தால் நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் மாத்திரை போடுகிறேன். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. அம்மா விடச் சொல்கிறார். என்ன செய்ய?

திருமங்கலத்து அக்கா:
அம்மா சொல்வது சரி தம்பி. வருஷக்கணக்கில் இதை விழுங்கினால் உடம்பில் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். வேலைக்கு நடுவில் நீராகாரமோ, சீரகம் பொடித்துப் போட்ட நீர்மோரோ குடியுங்கள். எங்கள் வீட்டில் ஓமத்தண்ணிக்கு மேல் போனதே இல்லை.

சிம்மக்கல் மருந்தாளர்:
அக்கா, சட்டென்று விடச் சொல்லாதீர்கள். நீண்ட நாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். தம்பிக்கு நடப்பது அதுவாக இருக்கலாம். டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைப்பதுதான் வழி. இன்னொன்று, எப்போது போடுகிறீர்கள் தம்பி? சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டிய மாத்திரை அது. படுக்கும்போது போட்டால் பலன் குறைவு.

திருமங்கலத்து அக்கா:
மாத்திரைக்கு நேரம் பார்க்கிறீர்கள், பரோட்டாவுக்கு யார் பார்ப்பது? எண்ணெயில் ஊறிய சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே நேரமாகும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும். தலைமாட்டுப் பக்கம் கட்டில் கால்களுக்கு அடியில் 6 அங்குலக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். இதையெல்லாம் செய்யாமல் மாத்திரை என்ன கிழிக்கும்?

சிம்மக்கல் மருந்தாளர்:
இதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் எல்லா எரிச்சலும் பரோட்டாவால் வருவதில்லை. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றுப் புண்ணுக்கு அது பெரிய காரணம் என்று தெரிய வந்தது. 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கிருமி ஓமத்தண்ணிக்குப் போகாது. பரிசோதித்து, பெரும்பாலும் 14 நாள் ஆன்டிபயாட்டிக் கூட்டு மருந்து எடுக்க வேண்டும். தம்பி, மூட்டை தூக்குகிற வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?

செல்லூர்க்காரன்:
ஆமாண்ணே, டைக்ளோஃபெனாக். அடிக்கடி போடுவேன். வெறும் வயிற்றிலும் போட்டிருக்கிறேன்.

சிம்மக்கல் மருந்தாளர்:
அப்போ அதையும் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது இரைப்பையின் உட்பூச்சையே அரித்துப் புண்ணாக்கும். பான்டாப்ரசோலையும் நீங்களாக இப்போது விட வேண்டாம். மலம் தார் மாதிரி கறுத்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் கேஸ் என்று சோடா வாங்கிக் குடிக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாரடைப்பும் அப்படித்தான் வரும்.

திருமங்கலத்து அக்கா:
வலி மாத்திரை விஷயம் எனக்குத் தோன்றவில்லை, டாக்டரைப் பாருங்கள் தம்பி. ஆனாலும் மருந்தாளரே, கடையில் கேட்டவுடன் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுப்பதும் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் ஒருவர் அதையே வாங்க வந்தால், கொடுப்பவர்தானே முதலில் கேள்வி கேட்க வேண்டும்?