கிளே சுடுதளம்: ஸ்டாண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் போவதா, தட்டு பறக்கும் ஒழுங்கைப் பார்த்துப் போவதா?

இரட்டைக்குழல்:

ஒரு கிளே சுடுதளம், அதாவது மெஷின் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைக்கும் இடம், எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் பதிலாக வருகிறது. இத்தனை ஸ்டாண்டு (நின்று சுடும் இடம்), இத்தனை மெஷின், இத்தனை ஏக்கர். என் கட்சி வேறு. ஒரு மெஷின் ஒரே செட்டிங்கில் பத்துத் தட்டு வீசினால் பத்தும் ஒரே தடத்தில் பறக்க வேண்டும். அது நடக்காத தளத்தில் நாற்பது ஸ்டாண்டு இருந்தாலும் நான் யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன். தட்டு தப்பியதற்குக் காரணம் துப்பாக்கியின் கட்டை தோளில் சரியாக உட்காராததா, லீடு (தட்டுக்கு முன்னால் விட்டுச் சுடும் இடைவெளி) போதாததா, மெஷின் மாற்றி வீசியதா என்று தெரியாமலே 100 தோட்டாவைக் காலி செய்தால் கற்றுக்கொள்ள என்ன மிஞ்சும்?

சோதிப்பது சுலபம். துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் ஸ்டாண்டுக்குப் பின்னால் நில்லுங்கள். தட்டு கடக்கும் இடத்தில் ஒரு கிளையையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சுடும்போது ஐந்தாறு தட்டைக் கவனியுங்கள். காற்றே இல்லாதபோதும் அடையாளத்துக்கு மேலும் கீழும் ஒரு மீட்டர் அலைந்தால், பெரும்பாலும் மெஷினின் அடித்தளம் ஆடுகிறது அல்லது வீசும் கையில் உள்ள ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டது. அந்தப் பட்டையை உரசி உருண்டு போவதால்தான் தட்டுக்குச் சுழற்சி கிடைக்கிறது. பட்டை தேய்ந்தால் தட்டு உருளாமல் வழுக்கிப் போகும், தள்ளாடியபடி பறக்கும். சுழற்சி குறைந்த தட்டு, ரவை (தோட்டாவிலிருந்து விரிந்து போகும் சின்ன உலோகக் குண்டு) பட்டாலும் சில நேரம் தூசியை மட்டும் கிளப்பிவிட்டு முழுசாகப் போய்விடும்.

அடுத்து, மெஷினுக்கு முன்னால் இருக்கும் புல்லைப் பாருங்கள். மூன்று நான்கு மீட்டருக்குள் பெரிய பெரிய துண்டுகள் குவிந்து கிடந்தால் அவை யாரும் சுட்டு உடைத்தவை இல்லை, வீசும்போதே உடைந்தவை. தட்டு என்பது சுண்ணாம்புக்கல் தூளும் தாரும் கலந்து வார்த்தது. வெயிலில் பெட்டியைப் போட்டுவைத்தால் தார் இளகி, அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டும். கடுங்குளிரில் நொறுங்கும். தட்டுப் பெட்டிகளை நிழலில் வைக்காத தளம் மற்றவற்றில் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்கவே தோன்றாது.

முயல்தட்டு:

சார், ஒழுங்கு வேண்டாம்னு யார் சொன்னாங்க? அது குறைந்தபட்சத் தேவை. ஆனா அதுக்காக மட்டும் ஒரு தளத்தைத் தேடிப் போகணும்னா ஒரே மெஷின், ஒரே கோணம் போதுமே. ஸ்போர்ட்டிங் (ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு வேறு வேறு பறப்பு வரும் வகை) சுடுபவருக்குப் போகத் தகுந்த தளம்னா ஒரே சுற்றில் ஏழெட்டு விதமான பறப்பு வரணும். குறுக்கே போவது, விலகிப் போவது, நேரே மேலே எழும் டீல், வளைந்து விழும் லூப்பர், தலைக்கு மேலே வருவது, தரையில் உருளும் முயல்.

தட்டின் அளவு மாறுவதே ஒரு பாடம். வழக்கமான தட்டு 110 மி.மீ., மிடி 90, மினி 60. மிடியைக் கண் பார்த்ததும், தூரத்தில் போகிற பெரிய தட்டு என்று எடுத்துக்கொள்கிறது. லீடு தப்புவது அங்கேதான். பாட்டூ தட்டு பெரியதுதான், ஆனா மெல்லியது. ஓரமாகப் போகும்போது கண்ணுக்கே தெரியாது. திரும்பி முகத்தைக் காட்டிய உடனே சரசரவென இறங்கிவிடும். சுடுவதற்குக் கிடைப்பது அந்தச் சின்ன இடைவெளி மட்டும். முயலுக்கு ஓரம் தடிமனான தனித் தட்டு வேண்டும், அது ஓடுகிற தடத்தில் விரிப்பு வேண்டும். சாதாரணத் தட்டை மேடுபள்ளத் தரையில் உருட்டினால் பாதி வழியில் உடையும், மீதி கண்டபடி துள்ளும். இவ்வளவையும் பார்த்துச் செய்யும் தளத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினாலும் தகும்.

டிராப் தளத்தில், அதாவது முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு வீசும் தளத்தில், எல்லாமே விலகித்தான் போகுது. அது ஒரு விஷயத்தைத்தான் கற்றுத்தரும்.

ஸ்கீட்_எட்டு:

முயல்தட்டு அவர்களே, கடைசி வரி நியாயமில்லை. ஒலிம்பிக் டிராப் பள்ளத்தில் 15 மெஷின். ஐந்து நிலைகளுக்கு முன்னால் மும்மூன்றாக நிற்கும். சுடுபவர் 15 மீட்டர் பின்னால். குரல் கொடுத்ததும் அந்த மூன்றில் எது வீசும் என்று தெரியாது. இருபுறமும் 45 டிகிரி வரை கோணம், 10 மீட்டர் முன்னால் உயரம் 1.5 முதல் 3.5 மீட்டர், எட்டும் தூரம் 76 மீட்டர். 25 தட்டில் ஒவ்வொருவருக்கும் 10 இடம், 10 வலம், 5 நேர் என்று சமமாகப் பங்கிடுவார்கள். இதற்குள் இருக்கும் வேறுபாட்டைக் கையாளவே வருடக்கணக்கில் பயிற்சி தேவை.

ஆகவே டிராப் தளத்தை விசாரிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: பள்ளத்தில் 15 மெஷினா, அல்லது ஒன்றே ஒன்று ஆடியாடி வீசுகிறதா? ஒற்றை மெஷின் தானாக இடமும் வலமும் மேலும் கீழும் அசைந்து வீசும் முறைக்கு ஏபிடி என்று பெயர். கற்க நல்லது, செலவு குறைவு. ஆனால் சமப் பங்கீடு கிடையாது. ஒருவருக்கு நேர்த் தட்டாகவே வரும், இன்னொருவருக்கு ஓரக் கோணமாகவே வரும். அதை ஒலிம்பிக் டிராப் என்று பலகை போட்டு வைக்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

ஸ்கீட்டில், அதாவது இருபுறமும் உள்ள இரண்டு வீடுகளிலிருந்து தட்டு குறுக்கே வரும் போட்டியில், இன்னும் கறார். உயர்வீட்டில் தட்டு 3.05 மீட்டர் உயரத்தில் கிளம்பும், தாழ்வீட்டில் 1.07 மீட்டரில். இரண்டும் 90 செ.மீ. வளையம் ஒன்றுக்குள் கடந்து 68 மீட்டர் போக வேண்டும். நல்ல தளத்தில் அந்த வளையத்தைக் கம்பத்தில் மாட்டிக் காலையில் சரிபார்ப்பார்கள். அதுவும் காற்று எழும் முன்பாக. எதிர்க்காற்று தட்டைத் தூக்கும், பின்காற்று அழுத்தும். காற்றுக்கு ஏற்ப நாள் முழுக்க ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டே இருப்பவர்களிடம் எந்தத் தட்டையும் நம்ப முடியாது. குரல் கொடுத்த பிறகு 0 முதல் 3 வினாடி வரை தாமதம் தரும் டைமர் வேலை செய்கிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள்.

ரவை24:

தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ரவையின் விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து 80-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் போகும் தூரம் மீட்டரில் சுமாராக வந்துவிடும். 2.4 மி.மீ. ரவைக்கு 190 சொச்சம், 2.6-க்கு 208. பின்காற்று, சரிவான நிலம், ஒட்டிக்கொண்டு கட்டியாகப் போகும் ரவை எல்லாம் சேர்த்துத்தான் 275 மீட்டர் வெற்றுநிலம் விடச் சொல்கிறார்கள். அந்த எல்லைக்குள் நடைபாதை, வேலை செய்யும் ஆட்கள், கார் நிறுத்துமிடம் எதுவும் இருக்கக் கூடாது. தோட்டாவை வாங்கிப் பார்க்காமல் உள்ளே விடும் தளத்தில் நிற்காதீர்கள். யாராவது வேட்டைக்கான 8.4 மி.மீ. ரவைத் தோட்டாவை எடுத்துவந்தால் அதே கணக்கில் 670 மீட்டர் போகும்.

தளம் எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்பதையும் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் தளம் வடக்கையோ வடகிழக்கையோ நோக்கி இருந்தால் நாளின் பெரும்பகுதி வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தெற்கே இருப்பவை தெற்கு நோக்க வேண்டும். மாலையில் மேற்கு நோக்கிச் சுட வைக்கும் ஸ்டாண்டில், தட்டைத் தேடும் கண் சூரியனில் போய் நிற்கும்.

மெஷினை நிரப்பும் ஆளையும் ஒரு தடவை பாருங்கள். கரண்ட்டை அணைத்தாலும் ஸ்பிரிங் இழுபட்டபடியே இருக்கும், கை எலும்பை உடைக்க அது போதும். எனவே வரிசை இதுதான்: சுடுவதை நிறுத்தி எல்லோருடைய துப்பாக்கியும் மடக்கித் திறந்து காலியாக இருப்பதை உறுதிசெய்வது, மெஷினின் கையை விடுவிப்பது, கரண்ட்டை அணைப்பது, பின்புறமாகவே அணுகுவது. இதில் ஒரு படியைத் தாண்டுகிற ஆள் வேலை செய்யும் தளத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டாம்.

முயல்தட்டு:

ரவை24 சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்புலம். கறுப்புத் தட்டு வானத்தில் பளிச்சென்று தெரியும், மரக்கூட்டத்தின் முன்னால் கரைந்துவிடும். அங்கே ஆரஞ்சுத் தட்டு போடணும். இதைக் கூட மாற்றாமல் ஸ்டாண்டு கடினமானது என்று பெருமைப்படும் தளங்களோடு எனக்கும் சண்டைதான்.

பயிற்சிமேடை:

நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே சுடத் தெரிந்தவருக்கான தளத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். முதல்முறை வருபவருக்கு 15 மெஷின் பள்ளமும் வேண்டாம், லூப்பரும் வேண்டாம். தாழ்வாக, மெதுவாக, நேரே விலகிப் போகும் ஒரே தட்டு போதும். அதைத் தனியாக வீசித்தர ஒரு ஸ்டாண்டு ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது மேலோங்கும் கண்) எது என்று சோதிக்காமல் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் அந்த வகுப்பு வீண். வலது தோளில் வைப்பவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினாலே பிரச்சினை தீரும். ஆரம்பத்தில் 21 கிராம் தோட்டா போதும். 28 கிராம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தோள் வலித்து, அடுத்த தட்டுக்கு முன்பே கண்ணை மூடுவார்கள். காதுக்கவசம், கண்ணாடி இரண்டும் வேடிக்கை பார்ப்பவருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

வாடகைத் துப்பாக்கி தரும் தளத்தில் தோட்டா மேசையைப் பாருங்கள். 12 போரும் 20 போரும் (போர் என்பது குழலின் அளவு, 20 சிறியது) ஒன்றாகக் கலந்து கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி, அறையைத் தாண்டிச் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலி போலத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறம் வைப்பது இதற்காகத்தான். சத்தம் வழக்கத்தைவிடப் பலவீனமாகக் கேட்டாலும் அப்படியே நிறுத்திக் குழலைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்லும் பயிற்சியாளர் அங்கே இருக்க வேண்டும். வாட் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் உள்ள அடைப்பு) குழலில் சிக்கியிருந்தால் அடுத்த தோட்டாவும் அதே விபத்துத்தான்.

இரட்டைக்குழல்:

பயிற்சிமேடை சொன்னதை முழுதாக ஏற்கிறேன். முயல்தட்டுக்கு ஒரு கணக்கு. விதவிதம் என்ற பெயரில் செட்டர்கள் (தட்டுகளின் பாதையை அமைப்பவர்கள்) செய்வது பெரும்பாலும் தூரத்தைக் கூட்டுவதுதான்.

24 கிராமில் 2.4 மி.மீ. ரவை ஏறத்தாழ 300 இருக்கும். ஃபுல் சோக் (ரவை விரிவதைக் குறைக்கும் குழல்முனைக் குறுக்கம்) 36.5 மீட்டரில் 75 செ.மீ. வட்டத்துக்குள் அதில் 70 சதவீதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதாவது 210. வட்டத்தின் பரப்பு சுமார் 4,400 சதுர செ.மீ. முழு முகத்தைக் காட்டும் தட்டு 95 சதுர செ.மீ., எனவே சராசரியாக நான்கரை ரவை படும். ஓரத்தைக் காட்டினால் சுமார் 25 சதுர செ.மீ. தான். ஒரு ரவைக்குச் சற்று மேல். சராசரி ஒன்று என்றால், குறி கச்சிதமாக இருந்தும் பல முறை ஒன்றுகூடப் படாது. அதே ஓரத் தட்டை 50 மீட்டரில் வைத்தால், அதுவும் மினியாக இருந்தால், அது திறமைக்கான சோதனையே கிடையாது. அப்படிப்பட்ட ஸ்டாண்டுகளை எண்ணிக்கையில் சேர்த்துப் பெருமை பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

முயல்தட்டு:

கணக்கு சரி. ஓரத்தைக் காட்டும் மினியை 50 மீட்டரில் வைப்பவர் செட்டரே இல்லை. ஆனா 28 கிராம் தோட்டாவோடு, வயிற்றைக் காட்டிக்கொண்டு 45 மீட்டரில் குறுக்கே போகும் 110 மி.மீ. தட்டு நியாயமான தட்டு. தூரத்தைக் குறை சொல்லாதீங்க, தட்டு எந்தப் பக்கத்தைக் காட்டுதுன்னு பாருங்க. நல்ல செட்டர் 25 மீட்டரிலேயே ஜோடியால் திணறடிப்பார். முதல் தட்டு வேகமாக விலகும், அதைச் சுட்ட சத்தத்துக்கு இரண்டாவது மெதுவாக விழும் லூப்பர் வரும். வேகமாக வீசிய குழலை நிறுத்திக் காத்திருக்க வைப்பதில்தான் கடினம். சில வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டாண்டுகளை மாற்றி அமைக்கிறார்களா என்பதையும் கேளுங்க. ஆறு மாதமாக அதே தட்டு, அதே கோணம் என்றால் பழக்கப்பட்டவர்கள் பாதையை மனப்பாடம் செய்து சுடுவாங்க. நீங்க கேட்கும் ஒழுங்கு அங்கேயும் இருக்கும், சார். ஆனால் வேறு எதுவும் இருக்காது.

ஸ்கீட்_எட்டு:

போகும் முன் போனில் கேட்டுவிட வேண்டியவை இரண்டு. பல தளங்களில் கால்நடை மேயும் நிலம் என்பதால் பிளாஸ்டிக் வாட் அனுமதி இல்லை, ஃபைபர் வாட் மட்டும்தான். ஸ்டீல் ரவைக்கும் சில இடங்களில் தடை உண்டு, வேறு சில இடங்களில் ஈயத்துக்குத் தடை. இது தெரியாமல் 250 தோட்டா வாங்கிக்கொண்டு போனால் அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கும். இன்னொன்று, கார்டு போட்டு பட்டனை அழுத்தும் தளமாக இருந்தால், உடைந்து வரும் தட்டுக்கு நோ பேர்ட் என்று கணக்கில் கழித்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். சில கார்டுகளில் அதற்கென இலவசத் தட்டுகள் முன்கூட்டியே ஏற்றியிருக்கும்.

ரவை24:

மூன்றாவதாக, ரவை எப்படி விரிகிறது என்று சுட்டுப் பார்க்கும் பேட்டர்ன் பிளேட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெள்ளையடித்த இரும்புப் பலகை, முன்னால் அளந்து வைத்த தூரம், பக்கத்தில் பெயிண்ட் உருளை. இரட்டைக்குழல் கணக்குப் போட்ட 70 சதவீதம் அவரவர் குழலிலும் தோட்டாவிலும் உண்மையில் எவ்வளவு என்று அங்கே ஐந்து தோட்டாவில் தெரிந்துவிடும். அந்தப் பலகையில் ஈய ரவை மட்டும்தான். ஸ்டீல் ரவை இரும்பில் பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும்.