பொனேரில் விடுதிகளின் ஏணி வழியே வெளியார் கடலில் இறங்கலாமா?

கேள்வி (அலைவாய்):
அடுத்த மாதம் நானும் என் மனைவியும் கரீபியக் கடலிலுள்ள பொனேர் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்காகச் செல்கிறோம். பொதுக்கரைகளில் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் இறங்குமிடத்தைக் காட்டும் என்பதை அறிவேன். ஆனால் மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால், கூரிய பவளக் கற்களின் மீது காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நடப்பதைவிட ஏணியில் இறங்குவதே அவருக்கு எளிது. கடற்கரை விடுதிகள் தம் செலவில் பராமரிக்கும் மேடையையும் ஏணியையும் கழுவுதொட்டியையும், அங்கே தங்காத நாங்கள் பயன்படுத்துவது முறையாகுமா?

மறுமொழி (கரைவழி):
அனுமதி கேட்டுப் பெற்றால் முறைதான். நாங்கள் சென்றபோது ஒரு விடுதியில், அன்றைய சிலிண்டர்களை அவர்களிடமே வாடகைக்கு எடுத்தால் ஏணியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றார்கள். அலையில் துருப்பிடிக்கும் அந்த ஏணியை மாற்றும் செலவு அவர்களுடையது என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. உப்பு நிறுவனத்தின் கப்பல்துறையான சால்ட் பியரில் கப்பல் நிற்கும்போது இறங்கவே கூடாது. எங்கே இறங்குவதானாலும், கடல் பூங்காக் கட்டணத்தைச் செலுத்தி, அறிமுக முக்குளிப்பை முதலில் முடித்துவிடுங்கள். கையுறைக்கும் அங்கே தடை உண்டு.

மறுமொழி (பழைய கடைக்காரர்):
வாடகைக் கடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். சிலிண்டரை முழுவதும் காலிசெய்து திருப்பித் தராதீர்கள். 30 முதல் 50 பார் அழுத்தம் வரை காற்று மிஞ்சியிருந்தால்தான் ஈரம் உள்ளே புகாது. சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவியான ரெகுலேட்டரைத் தொட்டியில் அமிழ்த்துமுன் அதன் தூசிமூடியைத் துடைத்து உலர்த்தி, இறுக்கி மூடுங்கள். மூடாமல் கழுவிய ஒன்றை நான் பிரித்துப் பார்த்தபோது, உள்ளிருந்த உலோக வடிகட்டி பாசி நிறத்தில் பச்சையாகியிருந்தது. அடுத்து அதை வாங்கியிருக்கவேண்டியவர் முதல்முறை கடலில் இறங்கவிருந்த ஓர் இளைஞர் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. ஏதேனும் கீழே விழுந்திருந்தாலோ காற்று கசிந்தாலோ, கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கேமராவுக்கென வைத்திருக்கும் தொட்டியில் மணல் படிந்த காலணிகளைக் கழுவவேண்டாம்.

அலைவாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. விடுதிக்கு இன்றே எழுதி, சிலிண்டர்களையும் அங்கேயே எடுத்துக்கொள்வதாகத் தெரிவிக்கிறேன்.